கொடையாளரின் ஊன்றுகோல்

எமது ஊர்களில் அடிக்கடி நடைபெறும் ஒரு வைபவத்தை வாசகர் நன்கறிவர். பாடசாலை மண்டபமோ பிரதேச செயலகத்தின் முற்றமோ அதற்குக் களமாகும். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, பிரமுகர்களுக்கு மாலை ஆகியன முடிந்ததும், நடக்க இயலாதோர் ஒவ்வொருவராகப் பெயர் கூறி அழைக்கப்படுவர். நடக்க இயலாதோரை நடந்து மேடையேறி வரச்சொல்லும் இந்த விந்தையையிட்டு அமைப்பாளர் எவரேனும் நாணியதாக நாம் அறியோம். ஒரு கை ஊன்றுகோலை நீட்ட, மறு கை அதனைப் பெற, புகைப்படக்காரர் தம் கடமையை முடிக்கும்வரை இரு கைகளும் அப்படியே நிற்கும். யாரோ ஒருவரின் தாயார் நினைவாகவோ, ஒரு வணிக நிறுவனத்தின் ஆண்டு நிறைவையொட்டியோ, தேர்தல் அண்மிவிட்டதாலோ, ஐம்பது ஊன்றுகோல்கள் ஊருக்குக் கிடைத்துவிடுகின்றன. ஐம்பதும் ஒரே உயரம்.

இந்த ஒரே உயரத்திலிருந்தே எமது வாதத்தைத் தொடங்குகிறோம்.

கைத்தடியின் உயரம் விருப்பப்படி அமைவதன்று. நேராக நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே தடியின் பிடி இருத்தல் வேண்டும். ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகைவரை மடிந்திருத்தல் வேண்டும். தடி குட்டையாயின் முதுகு வளையும். நெட்டையாயின் தோள் உயர்ந்து, பாரம் தடியில் இறங்காது. கமக்கட்டில் வைக்கும் ஊன்றுகோலோ இன்னும் பொல்லாதது. அளவறியாது அதன்மீது உடலைச் சாய்த்து நடப்பவரின் கமக்கட்டு நரம்புகள் நாளடைவில் நசுங்கி, மணிக்கட்டையே தூக்கமுடியாத நிலை தோன்றும். காலுக்குத் துணையாக வந்த கோல் கையையும் முடக்கிவிடும். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர் தடியை மறுபக்கக் கையிலேயே பிடிக்கவேண்டும் என்ற சிறு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நிகழ்ச்சிநிரலில் இடமில்லை, நன்றியுரைக்கு உண்டு.

தடியின் நுனியிலுள்ள இறப்பர் மூடியையும் கவனியுங்கள். சில மாதங்களில் அது தேய்ந்து மழமழத்துவிடும். ஈரத் தரையில் தேய்ந்த மூடியுடன் ஊன்றுபவர் வழுக்கி விழுவது திண்ணம். புதிய மூடி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கொடையாளருக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. 1876ஆம் ஆண்டு கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாள்முதல் உலகின் வண்டிகளுக்கெல்லாம் இறப்பர் அனுப்பிய நாடு இது. தன் மக்களின் ஊன்றுகோலுக்கு ஒரு விரற்கடை இறப்பரை ஒழுங்காக வழங்க அதற்கு வழி தெரியவில்லை!

“ஒன்றுமில்லாததிலும் ஏதோ ஒன்று நல்லதுதானே?” என்று நல்லெண்ணமுடையோர் எம்மிடம் கேட்பதுண்டு. மூக்குக்கண்ணாடியை இப்படி எவரும் வழங்கத் துணிவரா? ஒரே இலக்கமுடைய ஐம்பது கண்ணாடிகளைக் கொண்டுவந்து ஐம்பது பேருக்கு அணிவித்தால் ஊரே சிரிக்கும். கண்ணுக்கு அளவு வேண்டும் என்பதை ஏற்கும் சமூகம், காலுக்கு அது வேண்டியதில்லை என்று கருதுவதேன்? கண்ணாடி அணிபவர்களுள் வைத்தியரும் வழக்கறிஞரும் உள்ளனர்; ஊன்றுகோலைப் பெறுபவர் பெரும்பாலும் ஏழை. ஏழைக்கு அளவு பார்ப்பதில்லை.

நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டோரின் விடயத்தில் இத்தவறு பலமடங்காகிறது. எலும்பு முறிந்தவருக்கு முறிவு பொருந்தும்வரை பாரத்தைக் குறைத்தால் போதும். பாரிசவாதம் வந்தவரின் காலிலோ எலும்பும் தசையும் பழுதின்றி இருக்கின்றன. மூளையிலிருந்து போகவேண்டிய கட்டளைதான் போய்ச் சேர்வதில்லை. அடியெடுத்து வைக்கும் வேளையில் பாதத்தின் முன்பகுதி உயராமல் தொங்கும். விரல்கள் தரையில் உரசும். உரசாதிருக்க அவர் காலை வெளிப்புறமாக வட்டமிட்டு எறிந்து நடப்பார். போலியோவில் முள்ளந்தண்டு வடத்தின் இயக்க நரம்புக் கலங்களே அழிந்துவிடுவதால் தசை தளர்ந்து முழங்கால் மடங்கிவிழும். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகள் பலரின் தசையோ இறுகி, குதிக்கால் நிலந்தொடாமல் நிற்கும். பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் உடையவரின் கால்கள் வாசற்படியண்டையில் பசையிட்டு ஒட்டியதுபோல் திடீரென உறைந்துவிடும். இந்நால்வருக்கும் ஒரே தடியை நீட்டும் கொடையாளர், காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே குளிகை கொடுக்கும் போலி வைத்தியரிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறார்?

கால் உறைந்து நிற்பவரின் நிலை இதில் மிகவும் படிப்பினை தருவது. சக்கரமற்ற, தூக்கித் தூக்கி வைக்கவேண்டிய நடைச்சட்டம் அவருக்குப் பெரும்பாலும் இடையூறே செய்யும். தூக்குவதற்காக நிற்கும் ஒவ்வொரு தடவையும் கால் மீண்டும் உறையக்கூடும். ஆயின் நடைபாதையின் குறுக்கே, ஓர் அடியெடுத்து வைக்கும் இடைவெளிவிட்டுக் கோடுகளை வரைந்து, அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கச் சொன்னால், ஒட்டிநின்ற கால்கள் பலருக்கு விடுபட்டுவிடுகின்றன. தானாக இயங்கும் நடை தடைப்பட்ட மூளை, கண்ணால் கண்ட குறிக்கோளை நோக்கி வேறொரு வழியால் கட்டளை அனுப்புகிறது என்பர் ஆய்வாளர். இந்த உபகரணத்தின் விலை ஒரு வெண்கட்டித் துண்டு. ஆசிரியராகிய எம் வாசகரின் சட்டைப்பையிலேயே அது இருக்கிறது! ஆனால் வெண்கட்டித் துண்டை மேடையில் வைத்து வழங்க இயலாது; அதன் மேல் நிறுவனத்தின் பெயரைப் பொறிக்கவும் இயலாது. தேவைப்படுவது அந்த மனிதரின் வீட்டுக்குச் சென்று, அவர் எந்த வாசலில் நிற்கிறார் என்று பார்த்தறியும் ஒரு பயிற்றப்பட்ட இயன்மருத்துவர். அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். சம்பளத்துக்குத் திறப்புவிழா கிடையாது.

தொங்கும் பாதத்துக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படுவது கணுக்கால் தாங்கி. காலைப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, சூடாக்கி இளக்கிய பொலிப்புரொப்பிலீன் தகட்டை அவ்வச்சின்மீது படியச்செய்து, வெட்டித் திருத்திச் செய்யப்படும் எளிய பொருள். பாதத்தை அது செங்கோணத்தில் தாங்குவதால் விரல் தரையில் உரசாது. எந்திரமில்லை, மின்னில்லை. நல்ல பொருள்தான், எனினும் அதனுள்ளும் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. அது சப்பாத்துக்குள் வைத்து அணிவதற்காக உருவானது. காலையில் சப்பாத்து அணிந்து இரவில் கழற்றும் மேனாட்டு மனிதரே அதன் முன்மாதிரி. எமது மக்களோ வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவர், கோயிலுக்கு வெறுங்காலுடன் செல்வர், கிணற்றடியில் ஈரத்தில் நிற்பர், வயல் வரம்பில் சேற்றில் மிதிப்பர், குந்தியிருந்து மலங்கழிப்பர். வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகத்தோடு, சப்பாத்தின்றிச் சீமெந்துத் தரையில் நடக்கும் முதியவரின் கதி என்ன? இரண்டு முறை வழுக்கியபின் தாங்கி அலுமாரியின் மேல் ஏறிவிடும். “கொடுத்ததைப் பயன்படுத்தத் தெரியாத சனங்கள்” என்ற பழி பிறகு வரும்.

இப்படித்தான் இருக்கவேண்டுமென்று எந்த விதியுமில்லை. 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் உருவாக்கிய செயற்கைப் பாதம் எதற்காகப் புகழ்பெற்றது? வெறுங்காலுடன் நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும், சேற்றில் இறங்கவும் அது இடந்தந்தது. அந்த மக்கள் வாழும் விதத்திலிருந்து பொருள் பிறந்தது. யாழ்ப்பாணத்திலும் அப்பாதத்தின் பெயரால் ஒரு நிலையம் போர்க்காலத்தில் பணிசெய்தது. கண்ணிவெடியில் காலை இழந்தவரை நாடு கண்டுகொண்டது, போதியளவு இல்லாவிடினும். காலிருந்தும் நரம்பற்றுப்போனவரைக் காணவில்லை. ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பாய்ந்த வன்னி இளைஞர்களும், இரத்த அழுத்தம் கவனிக்கப்படாமல் ஐம்பது வயதில் பாரிசவாதத்தில் விழுந்த தோட்டத் தொழிலாளரும், 1962ஆம் ஆண்டின் பெரும் போலியோத் தொற்றில் சிக்கி இன்று முதுமையில் மீண்டும் தசை தளர்பவரும் அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே இருத்தப்பட்டனர். தடுப்பு மருந்தால் 1993க்குப் பின் இந்நாட்டில் போலியோ நோயாளர் எவரும் பதிவாகவில்லை. அது பொதுச் சுகாதாரத்தின் மகத்தான வெற்றி. ஆனால் நோயை ஒழித்த அரசு, நோயால் நடையிழந்தவரைக் கணக்கிலிருந்தும் ஒழித்துவிட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது.

மெக்சிக்கோவின் சினலோவா மலைப்பகுதியிலுள்ள அஹோயா என்ற கிராமத்தில் 1981இல் தொடங்கிய ஒரு முயற்சியை இங்கு நினைவூட்டுவது தகும். ஊனமுற்ற கிராமத்தவர்களே தாங்கிகளையும் ஊன்றுகோல்களையும் சக்கர நாற்காலிகளையும் தம் பட்டறையில் செய்து, பிள்ளைகளுக்குப் பயிற்சியும் அளித்தனர். அவர்களோடு உழைத்த டேவிட் வேர்னர் என்ற அமெரிக்கர் பரம்பரை நரம்பு நோயால் கணுக்கால் தளர்ந்தவர். சிறுவயதில் நிபுணர்கள் அவருக்கு விதித்த பாதத்தாங்கிகள் நடையை மேலும் குலைத்தன. கழற்றி எறிந்தால் ஏச்சு விழுந்தது. எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. பின்னர் அக்கிராமப் பட்டறையில், அவரையே அருகிருத்தி, பொருத்திப் பார்த்துத் திருத்தித் திருத்திச் செய்த பிளாஸ்டிக் தாங்கிகளே அவருக்கு உதவின. பட்டம் பெற்றோர் செய்யத் தவறியதைக் கிராமத்துத் தொழிலாளர் செய்தது எப்படி? அணிபவரின் சொல்லை அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர், அவ்வளவே.

இனி மறுபக்கத்தில் நிற்போரைப் பார்ப்போம். கொடை வைபவத்தை எம்மோடு சேர்ந்து எள்ளி நகையாடும் படித்த நண்பர்களுட் சிலர், “இதெல்லாம் பழங்காலம், இப்போது எந்திரக் கால்கள் வந்துவிட்டன, கணினியே நடக்கவைக்கும்” என்று கண்கள் ஒளிரக் கூறுகின்றனர். முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரிடமும் இந்தப் பக்தி குறைவில்லை.

எந்திரக் காற்கவசத்தின் வரலாற்றை இவர்கள் அறிவார்களாயின் நன்று. இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்தோருக்கான இயங்கு கவசத்தை முதன்முதலில் உருவாக்கிச் சோதித்தவர்களுள் முதன்மையானவர் யூகோஸ்லாவியாவின் மியோமீர் வுக்கோபிராத்தோவிச். பெல்கிரேட்டின் மிகையிலோ பூப்பின் நிறுவனத்தில் அவர் குழு ஆக்கிய கவசம் 1970களின் தொடக்கத்தில் அந்நகர எலும்பியல் வைத்தியசாலையில் நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. அது மக்கள் பணத்தில், பொது நிறுவனத்தில் விளைந்த அறிவு. முப்பது ஆண்டுகளின் பின், 2001இல், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகம் இத்துறையில் பணத்தைக் கொட்டியது. நோக்கம் நடக்கவியலாதவரை நடக்கவைப்பதன்று; நடக்கும் படைவீரரின் முதுகில் மேலும் பாரமேற்றுவது. அந்த ஆய்வுகளின் வழியிலேயே பின்னர் வணிக நிறுவனமும் பிறந்தது. 2014இல் அமெரிக்க அரசு வீட்டுப் பாவனைக்கு முதன்முதலில் அனுமதித்த கவசம் வேறொரு நிறுவனத்துடையது. அதை ஆக்கிய இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கொஃபர் கழுத்துக்குக் கீழ் பாதிக்கப்பட்டவர். அதை அவரே அணிந்து நடக்க இயலவில்லை. காரணம், அக்கவசத்தை அணிந்தவர் இரு கைகளிலும் ஊன்றுகோல் பிடிக்கவேண்டும்! ஆம், அதே ஊன்றுகோல்தான்.

2024இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதித் திட்டம் இத்தகைய கவசமொன்றுக்கு வகுத்த கொடுப்பனவு ஏறத்தாழ 91,000 டொலர். அதே ஆண்டில் அந்நாட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். பத்தாண்டுகளாக ஒரு கவசத்தால் இலட்சக்கணக்கான அடிகள் நடந்த ஒருவரின் கவசம் ஒருநாள் நின்றுபோயிற்று. பழுது காலில் இல்லை. அதனை இயக்கும் கைக்கடிகாரத்தின் மின்கல இணைப்பில் ஒரு சிறு பழுது. ஐந்தாண்டு கடந்த கவசங்களைத் தாம் திருத்துவதில்லை என்றது நிறுவனம். செய்தியாகி ஊரார் கண்டித்தபின்னரே அது திருத்தப்பட்டது. அந்தச் சில மாதங்கள் அம்மனிதரின் கால்கள் யாருக்குச் சொந்தமாக இருந்தன? தேய்ந்த இறப்பர் மூடிக்கு அலையும் எமது ஊரவருக்கும், வல்லரசின் பிரசைக்கும் நேர்ந்தது ஒன்றே: பொருள் கைக்கு வந்தது, அதனைப் பேணும் உரிமை வரவில்லை.

“அப்படியாயின் நீங்கள் விஞ்ஞானத்தின் எதிரிகளா?” எனக் கேட்கலாம். விஞ்ஞானம் கூறுவதைத்தான் நாம் கேட்கச் சொல்கிறோம். பாரிசவாதம் வந்த முதல் மூன்று மாதங்களில், இன்னும் நடக்கவியலாத நிலையிலுள்ளோருக்கு, இயன்மருத்துவத்துடன் எந்திரப் பயிற்சியும் சேர்ந்தால் தாமாக நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. அதை மறைக்க நமக்கு யாதொரு தேவையுமில்லை. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பாரிசவாதம் வந்த 408 பேருள் ஒரு சாராருக்குக் கச்சையில் தொங்கவிட்டு நடைப்பட்டி எந்திரத்திலும், மற்றொரு சாராருக்கு வீட்டிலேயே இயன்மருத்துவரின் துணையோடும் பயிற்சி அளித்தனர். ஓராண்டின் முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேரின் நடை முன்னேறியிருந்தது. எந்திரப் பயிற்சிக்கு மேலான பயன் எதுவும் காணப்படவில்லை. தொங்கும் பாதத்தை மின்தூண்டலால் உயர்த்தும் முறையை லிபர்சன் 1961இலேயே வெளியிட்டார். குதிக்கால் நிலத்தை விட்டெழும்போது சப்பாத்திலுள்ள ஆளி மின்னை விடும், நரம்பு தூண்டப்படும், பாதம் உயரும்; அழகிய சிந்தனை. அதன் இன்றைய வடிவத்தையும் எளிய பிளாஸ்டிக் தாங்கியையும் 197 பேரிடம் 30 வாரம் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டனர். நடைவேகத்தில் இரண்டும் சமம். மின்கருவியை அணிந்தோர் அதனை அதிகம் விரும்பினர் என்பதும் உண்மையே. விருப்பமும் ஒரு நியாயம். ஆயின் பன்மடங்கு விலை கொடுத்து அதனை வாங்கும்வரை எளிய தாங்கியையும் கொடாதிருப்பது என்ன நியாயம்?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, தமக்கு வேண்டிய உதவு உபகரணத்தைப் பெற்றோர் செல்வ நாடுகளில் 90 சதவீதமாகவும் வறிய நாடுகள் சிலவற்றில் 3 சதவீதமாகவும் இருந்ததைக் காட்டியது. எந்திரக் கால்களின் காணொளியைப் பார்த்து நாம் வியந்துகொண்டிருக்கையில், மூன்று பேருக்குத்தான் தடியே கிடைத்திருக்கிறது.

எமது நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்புரை, ஒவ்வொருவரும் தாம் விரும்பும் முறையிலும் நேரத்திலும் தாங்கக்கூடிய செலவிலும் நடமாட அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. மரமொன்று வாகனத்தின்மீது விழுந்ததால் 1992இல் நடையிழந்த கலாநிதி அஜித் பெரேரா, நீதிமன்றத்தின் படிகளுக்கே வழக்கைக் கொண்டுசென்று, புதிய பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிகளை மீறலாகாது என்ற உயர் நீதிமன்றக் கட்டளையை 2011இல் பெற்றார். 2020இல் அவர் மறையும்வரை அக்கட்டளையை நடைமுறைப்படுத்தக் கோரி எழுதிக்கொண்டேயிருக்க நேர்ந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சம் பேர், ஏதோவொரு ஊனமுடையோராகப் பதிவாயினர். அவர்களுள் நடப்பதில் இடர்ப்படுவோர் 7 இலட்சத்துக்கும் அதிகம். மிதிபலகை முழங்காலளவு உயர்ந்து, ஏறும் முன்பே புறப்பட்டுவிடும் பஸ் வண்டியில் இவர்கள் எப்படி ஏறுவர்? ஏறவியலாதவர் வைத்தியசாலைக்கு எப்படிப் போவர்? போகாதவருக்குத் தாங்கி எப்படிக் கிடைக்கும்?

இதய சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் கேட்கலாகாது என்ற கொள்கையுடைய நாடு இது. பாடப்புத்தகத்தை ஒரு கொடையாளரின் கையிலிருந்து மேடையில் பெறவேண்டும் என்று சொன்னால் எமது மாணவர் கொதித்தெழுவர். ஏனெனில் இலவசக் கல்வி உரிமை என்பது அவர் குருதியில் ஊறியது. தாங்கியும் ஊன்றுகோலும் மட்டும் ஏன் தருமமாயின? அவற்றைச் செய்யும் தொழில்நுட்பரைப் பயிற்றும் பாடசாலை 2004 முதல் ராகமையில் உண்டு. அரச வைத்தியசாலைகளில் பட்டறைகளும் இல்லாமலில்லை. ஆயினும் முல்லைத்தீவிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ மூன்று தடவை, அச்செடுக்க ஒருமுறை, பொருத்திப் பார்க்க ஒருமுறை, திருத்த ஒருமுறை என்று பயணஞ்செய்ய, கூலிவேலை செய்யும் குடும்பத்தால் இயலுமா? மாவட்டந்தோறும் ஒரு பட்டறை, அதில் ஊனமுற்றோரே பயின்று சம்பளத்துக்கு உழைத்தல், வீடு தேடிச்செல்லும் இயன்மருத்துவர், திருத்த வேலைக்கு ஒதுக்கிய நிதி: இவற்றுக்காக எந்தத் தொழிற்சங்கம் இதுவரை கொடிபிடித்திருக்கிறது? வேலைத்தலத்தில் முள்ளந்தண்டு முறிந்த தொழிலாளி, சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலிலிருந்தும் விழுந்துவிடுகிறார் என்பதே கசப்பான உண்மை.

எழுத்தாளராகிய நம்மவரையும் விட்டுவைக்க நாம் விரும்பவில்லை. எமது சிறுகதைகளில் தடியூன்றி வருபவர் பெரும்பாலும் மனிதராக வருவதில்லை. ஒரு கதையில் வறுமையின் சின்னம், இன்னொன்றில் முற்பிறவிப் பாவத்தின் பயன், மூன்றாவதில் கதாநாயகனின் கருணையைக் காட்டப் பிறந்த கருவி. “முடமான சமுதாயம்” என்று எழுதினால் புரட்சி எழுத்து என்ற மயக்கம் எம்மவரிடம் இன்னும் தீரவில்லை. உதவாத காரணத்துக்கு “நொண்டிச்சாட்டு” என்று பெயரிட்ட மொழி எம்முடையது. நடக்கவியலாதவர் கூறும் காரணத்தைத் தமிழ் கேட்கும் முன்பே பொய்யென்று தீர்த்துவிட்டது போலும்.

ஆசிரியர் பலர் இதை வாசிப்பர் என்பதால் ஒரு விடயத்தை நேராகவே கேட்கிறோம். காலில் தாங்கியணிந்த ஒரு பிள்ளை உங்கள் பாடசாலையில் இருக்கக்கூடும். அப்பிள்ளையின் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது? மலசலகூடத்துக்குப் போகும் வழியில் எத்தனை படிகள்? தாங்கிக்கு மேல் அணியக்கூடிய சப்பாத்து ஒழுங்கான நிறத்தில் இல்லையென்று மாணவத் தலைவர் அதனைக் காலைக் கூட்டத்தில் ஒதுக்கி நிறுத்துகிறாரா? வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கொருமுறையேனும் புதிய தாங்கி வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றாருக்கு யாரேனும் சொன்னதுண்டா? மேல்மாடியிலுள்ள ஏழாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்குக் கொடையாளரும் வேண்டாம், அமைச்சரும் வேண்டாம். அடுத்த தவணைக்கான நேரசூசி தயாராகும்போது அதிபரிடம் கேட்டால் போதும். மறுத்தால், 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின் பிரதியொன்றை மேசைமேல் வைத்து மறுபடியும் கேட்கவேண்டும்.